பாகு கடைசியில் சேரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சமையல் பகுதியில் அண்மையில் வெளியான, பச்சைக் காய்கறிகளைத் தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்த பாகில் புரட்டி ஓவனில் சுடும் செய்முறையைப் படித்து, அதில் சொல்லியிருந்தபடியே ப்ரோக்கோலியையும் பீன்ஸையும் செய்து பார்த்தேன். 220 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் கழித்துத் தட்டை வெளியே எடுத்தபோது, ஓரங்களில் வழிந்திருந்த பாகு கரியாகிக் கசந்தது. நடுவில் இருந்த காய்கள் பசுமை இழந்து பழுப்பேறியிருந்தும் பீன்ஸ் இன்னும் விறைப்பாகவே இருந்தது. சொல்லப்பட்ட பொருள்களில் எந்தக் குறையும் இல்லை. பாகை எப்போது சேர்ப்பது என்ற வரிசைதான் தவறு என்பதால், மற்ற வாசகர்களும் நல்ல காய்களை வீணாக்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

இத்தகைய காய்களின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் சுட்ட மணத்தைத் தரும் சிவத்தல் ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல்தான் விறுவிறுப்பாக நடக்கிறது. கழுவிய காயைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும் என்பதும், தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும் என்பதும் இதனால்தான். தொடக்கத்திலேயே பாகை ஊற்றினால், உலர்த்திய காயை நாமே மீண்டும் நனைத்தவர்களாகிறோம். காய் சுடப்படாமல் தன் ஆவியிலேயே அவிகிறது.

அந்த ஈரம் வற்றியதும் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. சாதாரணச் சர்க்கரை சுமார் 160 டிகிரியில் நிறம் மாறத் தொடங்குமென்றால், தேனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக உள்ள பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை 110 டிகிரி அளவிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். 220 டிகிரி வெப்பத்தில் மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்கும் தேன் அரை மணி நேரம் தாங்காது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது புளிப்பைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லாததுதான். இலைப்பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. அமிலமும் வெப்பமும் சேர்ந்து தாக்கும்போது அது வெளியேறி, பச்சை மங்கிப் பழுப்பாகிறது. அமிலம் அதோடு நிற்பதில்லை. காயின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் கரைவதையும் அது தாமதப்படுத்துகிறது. ஆகவே புளிப்போடு சேர்ந்து வேகும் பீன்ஸ், நிறத்தை இழந்த பிறகும் மென்மையாவதில்லை. என் தட்டில் நடந்தது சரியாக இதுவே. நிறத்தைக் காக்கச் சமையல் சோடாவைத் தூவலாமே என்று சிலர் சொல்வதுண்டு. பச்சை நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் காய் குழைந்துபோவதோடு வைட்டமின் சி இழப்பும் கூடுவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிறகு நான் செய்து பார்த்துத் திருப்தியடைந்த முறை இது. அரைக் கிலோ காய்க்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் உப்பும் மட்டும் பிசறி, முன்பே நன்கு சூடேற்றிய ஓவனில் 220 டிகிரியில், இடையில் ஒருமுறை புரட்டிவிட்டு, ஓரங்கள் சிவக்கும்வரை பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் சுட வேண்டும். அதற்குள் அடுப்பில் சிறு தீயில் மூன்று மேசைக்கரண்டி வினிகரையும் இரண்டு மேசைக்கரண்டி தேனையும் கொதிக்கவிட்டு, கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்கும் பதம் வருவதற்குச் சற்று முன்பே இறக்கிவிட வேண்டும். ஆறும்போது அது இன்னும் இறுகும். எலுமிச்சையின் மணம் கொதியில் பறந்துவிடுவதால் அதன் சாற்றை இறக்கிய பிறகே பிழிவது நல்லது. காய் வெளியே வந்ததும் சூட்டோடு பாகைப் புரட்டி உடனே பரிமாற வேண்டும். நேரம் கடந்தால் புளிப்பு தன் வேலையைக் காட்டிவிடும். பாகு சற்றே ஒட்டிப் பளபளக்க வேண்டுமென்றால், புரட்டிய காயை இரண்டு நிமிடங்கள் மட்டும் திரும்ப ஓவனில் வைக்கலாம், ஆனால் அருகிலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் செய்முறைக்கு ஒரு திருத்தத்தை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி வரும் குறிப்புகளில் நிமிடக் கணக்கோடு காயின் எடையையும், துண்டின் அளவையும், எந்த நிறம் வந்ததும் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து அச்சிட்டால், ஓவனுக்கு ஓவன் சூடு வேறுபடும் நிலையிலும் முதன்முறையாகச் சமைப்பவர் தடுமாற மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் சமையல் பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் வாசகர்