எங்கள் பங்கு மாடுகளையும் ஊற்று நிலத்தையும் பிரித்துத் தரக் கோரும் மனு

பெறுநர்
டான் கில்யெர்மோ ஹார்ட்னெல் அவர்கள்,
மிஷன்களின் தலைமைப் பார்வையாளர்,
மேல் கலிபோர்னியா.

அனுப்புநர்
மான்டெரே வட்டாரத்து மிஷன் ஒன்றின் மாடு மேய்ப்பவன், தனக்காகவும் தன்னோடு குடியிருக்கும் குடும்பங்களுக்காகவும்.

பொருள்: 1834ஆம் ஆண்டு விதிகளின்படி எங்களுக்குச் சேர வேண்டிய கால்நடைகளையும் நிலத்தையும் பிரித்துத் தரவும், இந்தக் கோடையின் தோல்கள் கப்பலேறும் முன் அவற்றைச் சோதிக்கவும் கோருதல்.

மேன்மை தங்கிய ஐயா,

தங்கள் சமூகத்துக்கு அடியேன் பணிந்து எழுதிக்கொள்வது. என் பெயரையும் மிஷனின் பெயரையும் இதில் எழுதவில்லை. தங்கள் கைக்கு வந்து சேருமுன் இந்தத் தாளை வேறு யார் யார் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியாது. கொண்டு வருபவன் இரண்டையும் வாய்மொழியாகச் சொல்வான். அவனை நம்பலாம், என் மூத்த மகன்.

நான் மிஷனில், பாதிரிமார் எங்களைக் கிறிஸ்தவராக்கி வேலை வாங்கிய குடியிருப்பில், பிறந்தவன். என் ஞானஸ்நானம் பாதிரியாரின் பதிவேட்டில் இருக்கிறது. இந்த மண்ணின் பூர்வகுடியான இந்தியன் குதிரை ஏறக் கூடாது என்பது ஸ்பெயின் அரசர் காலத்துச் சட்டம். ஆனால் மாடுகள் பெருகின, மேய்க்க வேறு ஆள் இல்லை, சட்டம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டது. நானும் சேணத்தில் ஏறினேன். 1826இல் கவர்னர் எச்செயந்தியா அவர்கள் போட்ட ஆணையின் கீழ் மிஷனை விட்டுப் போக விடுதலைச் சீட்டு பெற்றவர்களில் ஒருவன் நான். சீட்டு கிடைத்ததே தவிர நிலமோ மாடோ கிடைக்கவில்லை. ஆகவே அதே மிஷனின் மாடுகளை அதே தோல்கயிற்றால் பிடித்துக்கொண்டு இன்றுவரை இருக்கிறேன்.

தோல் வியாபாரத்தைப் பற்றித் தங்களுக்கு எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். இருந்தாலும் சொல்லாமல் என் வழக்கு விளங்காது. 1822இல் தங்கள் நிறுவனம் மிஷன்களோடு ஒப்பந்தம் செய்தபோது தோல் ஒன்றுக்கு ஒரு பெஸோ, உருக்கிய கொழுப்பு ஓர் அர்ரோபா எடைக்கு இரண்டு பெஸோ என்று பேசி முடித்தீர்கள். மாட்டுவண்டிகளில் தோல் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு வந்த பையன்களில் நானும் இருந்தேன். மரக்கட்டைச் சக்கரங்கள் போட்ட சத்தத்தில் அரை லீக் தூரத்திலேயே நாங்கள் வருவது தெரிந்துவிடும். அதன் பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர்கள் போட்டிக்கு வந்தார்கள், விலை ஏறியது. இன்று ஒரு தோல் ஏறத்தாழ இரண்டு பெஸோ பெறும். வெள்ளியைக் கண்ணால் பார்க்காத இந்த நாட்டில் தோலே பணம். அது கேப் ஹார்ன் முனையைச் சுற்றிப் பாஸ்டனுக்குப் போய்க் காலணியாகி, மறுபடியும் இங்கே வந்து, பல தோல் விலைக்கு விற்கப்படுகிறது. மாட்டை வளர்த்தவன் வெறுங்காலோடு நின்று அதை வேடிக்கை பார்க்கிறான். அது வியாபாரம், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. விற்கப்படும் தோல் யாருடையது என்பதில்தான் என் புகார்.

1834 ஆகஸ்ட் 9ஆம் தேதி காலஞ்சென்ற கவர்னர் ஃபிகெரோவா அவர்கள் வெளியிட்ட விதிகளை எங்களுக்குச் சபையில் படித்துக் காட்டினார்கள். குடும்பம் ஒன்றுக்கு, கஜத்துக்குச் சற்றுக் குறைந்த வாராக் கணக்கில், பக்கத்துக்கு நூறு வாராவுக்குக் குறையாமலும் நானூறு வாராவுக்கு மேற்படாமலும் சதுரமாக நிலம். மிஷனின் கால்நடைகளில் பாதி எங்களுக்குள் பங்கு. கருவிகளிலும் விதையிலும் ஒரு பங்கு. கிடைத்ததை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்றும் படித்தார்கள். நாங்கள் தலையாட்டினோம். இப்போது 1839. விற்கக் கூடாது என்ற பாதியை மட்டும் நாங்கள் பிசகாமல் கடைப்பிடித்து வருகிறோம், விற்பதற்கு எதுவும் இல்லாததால். கேட்கும்போதெல்லாம், மிஷன் சொத்தைப் பார்த்துக்கொள்ள அரசு நியமித்த நிர்வாகி சொல்லும் பதில் ஒன்றுதான்: மாடுகள் குறைந்துவிட்டன, கணக்கு முடியவில்லை, மாடுகளைத் திரட்டும் அடுத்த ரோதேயோ முடியட்டும்.

மாடுகள் குறைந்தது உண்மை. எப்படிக் குறைந்தன என்பதைத்தான் தங்களிடம் சொல்ல வந்தேன்.

இந்த நாட்டில் மாட்டுக்கு மூன்று குறி உண்டு என்பது தாங்கள் அறிந்தது. உடைமைச் சூடு, காதுவெட்டு, விற்பனைச் சூடு. விற்பவன் தன் விற்பனைச் சூட்டைப் போட்டால்தான் மாடு அவன் கையை விட்டுப் போனதாகப் பொருள். அதன் பிறகே வாங்கியவன் தன் இரும்பை வைக்கலாம். மிஷன் மந்தையின் அத்தனை கன்றுகளையும் ஒவ்வொரு வசந்தத்திலும் கயிறு போட்டுச் சாய்த்தவன் நான். எங்கள் சூடு எந்தத் தொடையில், எந்தச் சாய்வில் விழும் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். கடந்த சில ஆண்டுகளாக மேய்ச்சலில் வேறொரு விதமான மாடு தென்படுகிறது. மிஷன் சூடு இருக்கும். அதன் மேலேயே அக்கம்பக்கத்துப் பண்ணை ஒன்றின் சூடு ஏறியிருக்கும். நடுவில் விற்பனைச் சூடு இருக்காது. காதுவெட்டும் புதிதாக ஆழப்படுத்தப்பட்டிருக்கும், பழைய வெட்டின் வடிவம் தெரியாதபடி. கேட்டால் 'கடனாகக் கொடுத்தது' என்கிறார்கள். கடனாகக் கொடுத்த மாட்டுக்கு எதற்கு ஐயா புதிய சூடு?

உயிரோடிருக்கும் மாட்டில் ரோமம் வளர்ந்து பழைய சூட்டை மூடிவிடும். தோலில் மூட முடியாது. இந்தக் கோடையின் தோல்கள் மிஷனின் பழைய தானியக் களஞ்சியத்தில் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. தாங்கள் வரும்போது மேலே கிடக்கும் தோலை விட்டுவிட்டு அடியிலிருந்து சிலவற்றை உருவச் சொல்லுங்கள். தோலைப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். சதைப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், பழைய தழும்பும் புதியதும் தனித்தனியாகத் தெரியும். வெளிப்பக்கம் ஒரு பண்ணையின் பெயரைச் சொல்லும். உட்பக்கம் எங்கள் மிஷனைச் சொல்லும். இதைப் பார்க்க எழுத்தறிவு வேண்டாம். தாங்கள் எத்தனையோ ஆயிரம் தோல்களைத் தொட்டுப் பார்த்து விலை சொன்னவர்; ஒரு முறை விரலால் தடவினால் போதும்.

கப்பல் எப்போது வரும் என்று எங்களுக்குச் சொல்வதில்லை. ஆனால் வண்டிக்கு எருதுகளைத் தேடிப் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வாண்டு ஜனவரியில் கவர்னர் அல்வராதோ அவர்கள் வெளியிட்ட ஆணையை எங்களுக்கும் ஒருவர் வாசித்துக் காட்டினார். நிர்வாகிகள் அரசின் அனுமதியின்றிக் கடன் வாங்கக் கூடாது, வழக்கமான உணவுத் தேவைக்கு மேல் மாடு அறுக்கக் கூடாது என்று அதில் இருப்பதாகக் கேட்டேன். எங்கள் மிஷனில் இந்தக் கோடை நடந்ததைக் கேளுங்கள். ஆட்கள் வரிசையாகக் குதிரையில் போய் ஓடும் மாடுகளின் பிடரியில் கத்தியைப் பாய்ச்சினார்கள். விழுந்த இடத்திலேயே தோலை உரித்தார்கள், கொழுப்பை வழித்தார்கள், கொப்பரைகளில் இரவும் பகலும் உருக்கினார்கள். இறைச்சியில் முதுகுத் தசையைக் கீறி உலர்த்தியது போக மிச்சம் கரடிக்கும் கழுகுக்கும் போனது. உணவுக்காக நடந்த அறுப்பு என்றால் உணவு ஏன் ஐயா வெளியில் கிடந்து நாறியது? எங்கள் குடும்பங்களுக்குக் கிடைத்தவை தலைகளும் குடல்களும். அதற்கும் நிர்வாகியின் கடைக் கணக்கில் என் பெயருக்கு நேரே ஏதோ எழுதப்பட்டது. அந்தக் கடையில் ஒரு முழம் சீட்டித் துணிக்கும் ஒரு மொந்தைச் சாராயத்துக்கும் இட்ட கடன் எந்த வேலையாலும் தீர்வதில்லை.

சாராயத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'இந்தியர்களிடம் மாட்டைக் கொடுத்தால் குடித்தும் சூதாடியும் ஒரே மாதத்தில் தீர்த்துவிடுவார்கள்' என்று தங்களிடம் சொல்லப்படும். சிலர் அப்படித் தீர்த்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் மிஷனில் எங்களுக்கு இன்னும் ஒரு கன்றுகூடக் கொடுக்கப்படவில்லை. மந்தை அதற்குள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அதைக் குடித்தது நாங்கள் அல்ல.

அடுத்தது நிலம். நான் கேட்கும் இடம் ஓர் ஊற்று. கிழக்கே வழுக்கைக் குன்று, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடையின் கரையில் இடி விழுந்த சிகமோர் மரம், வடக்கே ஓக் மரங்களின் வரிசை. அந்த ஓக் மரங்களின் கொட்டைகளைப் பொறுக்கி இடித்து, கசப்பு போக நீரில் அலசிக் கஞ்சி காய்ச்சித்தான் என் தாயும் அவள் தாயும் பஞ்சக் காலங்களைக் கடத்தினார்கள். இப்போது அங்கே நாங்கள் சோளமும் அவரையும் பூசணியும் போட்டிருக்கிறோம். என் மகன் இடத்தை வரைந்து இதனுடன் வைத்திருக்கிறான். குன்றை ஓடையைவிடச் சிறிதாகப் போட்டிருக்கிறான், மன்னிக்கவும். மற்றபடி சரி.

அதே இடத்தைச் சேர்த்து வேறொருவர் கவர்னருக்கு மனுப் போட்டிருப்பதாகக் கேள்வி. 1828ஆம் ஆண்டு விதிகளின்படி காலி நிலத்தைத்தான் வழங்கலாம், விசாரித்த பிறகே வழங்கலாம், மிஷன் நிலங்கள் இந்தியர்களுக்குச் சொந்தமா என்று முடிவாகும் வரை அவற்றைத் தொடக் கூடாது. ஊற்று காலி என்று யாராவது அறிக்கை எழுதியிருந்தால், எழுதியவர் குதிரையை விட்டு இறங்கவில்லை என்று கொள்ளுங்கள். எங்கள் பூசணிக் கொடிகளின் மேல்தான் குதிரை நின்றிருக்கும்.

எவ்வளவு கேட்கிறோம் என்பதையும் பாருங்கள். இந்த மனுவை எழுதிக் கொடுப்பவர் கணக்கில் கெட்டிக்காரர். ஒரு சதுர லீக் என்பது பக்கத்துக்கு 5,000 வாரா. சட்டம் எங்களுக்குச் சொல்லும் பெரிய பங்கான 400 வாராச் சதுரத்தை அதில் 144 குடும்பங்களுக்கு அளந்து கொடுத்த பிறகும் ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சும் என்கிறார். 1824ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரே ஆளுக்குப் பதினொரு லீக் வரை அனுமதிக்கிறது. பண்ணைக்காரர்கள் பெறுவதைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர்களின் மாடுகளையும் நாங்கள்தான் மேய்க்கிறோம், அவர்கள் வாழட்டும். அவர்களுக்கு நில அளவை நடக்கும்போது கயிற்றின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு குதிரையில் ஓடுகிறவர்கள் நாங்களே. ஒரு நாள் எங்களுக்காகவும் அந்தக் கயிறு விரியட்டும் என்பதே விண்ணப்பம்.

ஆகையால் ஐயா, தாங்கள் மிஷனுக்கு வரும் நாளிலேயே, நிர்வாகியின் புத்தகத்தைத் திறக்கும் முன்பாகக் களஞ்சியத்தைத் திறந்து, தோல்களை மேற்சொன்னபடி சோதித்து, சோதனை முடியும் வரை ஒரு தோலும் கடற்கரைக்குப் போகாமல் தடை செய்யக் கோருகிறேன். மேய்ச்சல் நீதிபதி முன்னிலையில் ஒரு ரோதேயோ கூட்டி, சுற்றுப்பண்ணைகளின் மந்தைகளையும் அங்கே நிறுத்தி, விற்பனைச் சூடு இல்லாத மிஷன் மாடுகளைத் திருப்பச் சொல்லுங்கள். திரும்பியது போக இருப்பதில் பாதியை, குடும்பத் தலைவன் இறந்துபோன விதவைகளையும் சேர்த்து, எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். ஊற்று நிலத்தை அளந்து எல்லைக் கல் நட உத்தரவிடுங்கள். நிலம் அளப்பது நாளானாலும் பரவாயில்லை, ஊற்று எங்கும் ஓடிப்போகாது. தோல் ஓடிப்போகும்.

இன்னும் ஒன்று. பங்கைக் கொடுக்கும் அன்றே எங்கள் பெயரில் ஒரு சூட்டுக்கோலைப் பதிவு செய்து தர வேண்டும். மாடு மட்டும் கொடுத்துச் சூட்டுக்கோல் கொடுக்காவிட்டால் அடுத்த வசந்தத்தில் பிறக்கும் கன்று, எவன் முதலில் கயிறு வீசுகிறானோ அவனுடையது. தங்கள் அலிசால் பண்ணையில் தாங்களும் மாடு வைத்திருப்பவர், இது தெரியும். குடும்பத்துக்கு ஒன்று என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று போதும். வடிவத்தையும் வரைபடத்தின் மூலையில் போட்டிருக்கிறோம். வேறு எந்தச் சூட்டின் மேலும் ஏற்றி மாற்ற முடியாதபடி, எளிதாக ஒரே கோடும் அரை வட்டமும். இரும்புக்கும் கொல்லனுக்கும் ஆகும் செலவை எங்கள் பங்கின் முதல் தோல்களிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இம்மனு வஞ்சகமாக எழுதப்பட்டதல்ல என்று சத்தியம் செய்கிறேன். முத்திரைத்தாள் இந்தப் பக்கத்தில் கிடைக்காததால் சாதாரணத் தாளிலேயே ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சிலுவைக் குறி இட்டிருக்கிறேன்.

1839 ஆகஸ்ட்

✝
(மனுதாரர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்தவர் கையெழுத்து இடவில்லை)

இணைப்பு: ஊற்று நிலத்தின் வரைபடம் ஒன்று, சூட்டுக்குறியுடன்.