எத்தனை ஆண்டுக்கு வாங்குவது?

அன்புள்ள தம்பிக்கு,

"லேப்டாப் எதுவானாலும் பரவாயில்லை அம்மா, விலை குறைவாக ஏதாவது ஒன்று போதும்" என்று நீ அனுப்பிய செய்தியை அப்பாவிடம் காட்டினேன். "பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செருப்பு வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிற பிள்ளை நீ. விடுமுறைக்கு முன்பு வரை இந்த கிராஃபிக்ஸ், அந்தத் திரை என்று அக்காவின் காதைத் துளைத்தெடுத்தாய். இப்போது "ஏதாவது ஒன்று" என்கிறாய்.

சரி, அதை விடு. லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன்.

பணத்தைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். அது நானும் அப்பாவும் பேசி முடித்த கணக்கு. ஒதுக்கியதற்கு மேல் ஒரு காசு கிடையாது. அதில் மிச்சம் பிடித்து எங்களுக்குத் திருப்பித் தரவும் வேண்டாம். நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான். எத்தனை ஆண்டுக்கு வாங்க வேண்டும்? இன்னும் மூன்று ஆண்டு படிப்பு இருக்கிறது என்று வைத்துத்தான் நான் கணக்குப் போட்டிருக்கிறேன். மூன்று ஆண்டு உழைக்க வேண்டிய இயந்திரம் வேறு, ஓராண்டு ஓடினால் போதும் என்கிற இயந்திரம் வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் ஒன்றையும் முடிவு செய்ய முடியாது.

எங்கள் அலுவலகத்துக்குக் கணினி பழுது பார்க்க வரும் பையனைத் தெரியுமல்லவா? அவன் தலையைக் கண்டாலே நான் ஒரு கேள்வியோடு நிற்கிறேன் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவன் முதலில் சொல்வது ரேம், ஒரே நேரத்தில் திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம். 8 ஜிபி இருந்தால் இன்றைக்கு ஓடும். உலாவியில் இருபது பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கூடவே ஒரு பாடக் காணொளியையும் ஓட்டினால் மூச்சு வாங்கும். மூன்று ஆண்டுக்கு என்றால் 16 ஜிபி. மெலிதான லேப்டாப்புகள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. "இப்போது 8, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால், காலி ரேம் செருகுமிடம் இருக்கிறதா என்று கேள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடு. நீ முகத்துக்கு நேரே மறுத்துப் பேசமாட்டாய், எனக்குத் தெரியும். கேட்பதற்கும் சண்டை போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதையாவது கற்றுக்கொள்.

சேமிப்பகம் எஸ்எஸ்டியாக, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான வகையாக இருக்க வேண்டும், 512 ஜிபி இருந்தால் நல்லது. மிக மலிவானவற்றில் 64 ஜிபி இஎம்எம்சி என்று மெதுவான சேமிப்புச் சில்லு ஒன்றைப் போட்டுத் தருகிறார்கள். அக்கா முதலாண்டில் வாங்கியது அதுதான். ஒரு புதுப்பிப்பு இறங்கக்கூட இடமில்லாமல், படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே. அதுவும் பலகையில் பற்றவைத்ததுதான், கழற்றி மாற்ற வழியில்லை.

அக்காவின் அந்த லேப்டாப்பின் மூடி என்ன ஆயிற்று என்பதை நீயே பார்த்தாய். நான் அதைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது அந்தப் பையன் திறந்து காட்டினான். கீலைத் தாங்கும் திருகாணிகள் சின்னஞ்சிறு பித்தளை நட்டுகளில் இறங்குகின்றன. அந்த நட்டுகள் வெறும் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கின்றன. கீல் இறுகிப்போய், மூடியையும் தினமும் ஒரே மூலையைப் பிடித்துத் தூக்கினால், நட்டு பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. நான்கு நட்டில் மூன்று அவன் உள்ளங்கையில் உதிர்ந்து கிடந்தன, வேரில் மண்ணோடு வந்த செடி மாதிரி பிளாஸ்டிக் துணுக்குகளோடு. உள்ளே இருந்த மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இந்த விவரத்தை எந்த விளம்பரமும் சொல்லாது. அதனால் வாங்கும் முன் மூடியை நடுவில் பிடித்துப் பலமுறை திறந்து மூடிப் பார். கீலுக்குப் பக்கத்தில் சட்டம் பிளந்து விலகுகிறதா என்று குனிந்து பார். விசைப்பலகையின் நடுவில் விரலை ஊன்று. பள்ளம் விழுந்தால் வைத்துவிட்டு வா. கூச்சப்படாதே.

லேப்டாப்பின் மூளையான பிராசசரின் பெயர்களைப் பார்த்து ஏமாறாதே. எண் பெரிதாக இருந்தால் புதியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை பிராசசர் உள்ள லேப்டாப்புகளில், அந்த எண்ணின் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டுமாம். 7520 என்றால் அந்த 2, ஜென் 2 என்ற உள்வடிவமைப்பைக் குறிக்கிறது. அது 2019இல் வெளிவந்தது. 7530 என்றால் ஜென் 3, 2020. 7540 என்றால் ஜென் 4, 2022. மூன்றும் ஒரே "ரைசன் 5" ஒட்டுத்தாளோடு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெட்டியில் புதிது, உள்ளே பழையது. இன்டெல்லிலும் வெறும் "ஐ5" என்பதோடு நின்றுவிடாதே, எத்தனையாவது தலைமுறை என்று கேள். கடைசியில் யு என்று இருந்தால் மின்சாரம் குறைவாக இழுக்கும், எச் என்றால் வேகமும் சூடும் அதிகம். உனக்கு எது என்பது நீ என்ன வேலை செய்யப்போகிறாய் என்பதைப் பொறுத்தது. அதற்குத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அதற்கு முன் திரையும் பேட்டரியும். 1920க்கு 1080 புள்ளிகள், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை; இதற்குக் கீழே இறங்காதே. 1366க்கு 768 இன்னும் விற்கிறார்கள், அதில் நாள் முழுவதும் படித்தால் உன் கண் என்னாகும்? ஏற்கெனவே கண்ணாடி. பேட்டரியில் "பத்து மணி நேரம்" என்று போட்டிருப்பதை நம்பாமல், அதில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதைச் சொல்லும் வாட்-மணி எவ்வளவு என்று பார். 42 வாட்-மணி பேட்டரி, சராசரியாக 8 வாட் இழுக்கிற வேலை என்றால், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும், அவ்வளவுதான். வகுப்பறையில் மின்செருகுமிடம் உள்ள சுவரோரம் இடம் பிடிப்பதற்காக முன்னால் ஓடுகிற ஆள் இல்லை நீ. டைப் சி வழியாக சார்ஜ் ஏறினால் சார்ஜர் தொலைந்தாலும் இன்னொருவரிடம் வாங்கிச் சமாளிக்கலாம். நீ தொலைப்பாய்.

என் மனது பழையதின் பக்கம்தான் சாய்கிறது. நிறுவனங்களில் பயன்படுத்திவிட்டுக் கழிக்கிற திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் மாதிரியான லேப்டாப்புகள், செப்பனிட்டு விற்கப்படுகின்றன. விசைப்பலகை, கீல் எல்லாம் புதிய மலிவுப் பெட்டிகளைவிடத் திடமாக இருக்கும், பல மாதிரிகளில் ரேமும் மாற்றலாம். ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்தப் பழைய சில்லுகளை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்றும் பார். பேட்டரி அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்: தயாரித்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு என்று இரண்டு எண்களும் அதில் வரும். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார். பயாஸ் என்ற தொடக்க நிரலுக்கே கடவுச்சொல் போட்டுப் பூட்டிய இயந்திரத்தைத் தொடாதே. ரேம் 16. சொல்லிவிட்டேன், இல்லையா? இன்னொரு முறை சொல்வதால் ஒன்றும் குறைந்துவிடாது.

விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் மலிவுதான், உலாவியிலேயே முடிகிற படிப்பு என்றால் தாராளமாகப் போதும். புதுப்பிப்பு எந்த ஆண்டோடு நிற்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். இயந்திரவியலுக்குத் தனி கிராஃபிக்ஸ் சில்லு வேண்டும் என்று நீதான் சொன்னாய். வரைபட மென்பொருள்களில் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கானது, மேக்கில் நேரடியாக ஓடாது. ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு. மாணவர்களுக்கு அதை உருவாக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் இலவசமாகவே தருகிறது, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அதனால் மென்பொருளுக்கு என்று பணம் எடுத்து வைக்கவில்லை. முப்பரிமாண வரைபடம் வரையப்போகிறாய் என்றால் கிராஃபிக்ஸ் உள்ள, எடை கூடிய, எச் வகை லேப்டாப். ஒதுக்கிய பணம் அதற்குச் சரியாக இருக்கும், இழுத்துப் பிடித்தால்.

வரையப்போவதில்லை என்றால் அவ்வளவும் தேவையில்லை. எழுத்து, கணக்கு, நிரல் என்று வேறு ஏதாவது என்றால் ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு நல்ல பழைய லேப்டாப் போதும். ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம். மிச்சப் பணத்தில் ஒரு வெளி வன்தட்டு வாங்கி வாரந்தோறும் நகல் எடுத்து வைக்கலாம். இது வெறும் கணக்குக்காகச் சொல்கிறேன். எது என்று தெரிந்தால் எனக்கு வாங்குவது சுலபம், வேறொன்றுமில்லை.

பெரியப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. அக்கா வேலை மாற யோசிக்கிறாள். இதையெல்லாம் விரிவாக எழுத நினைத்திருந்தேன்.

உன் அலமாரியை ஒழுங்கு செய்தபோது இயந்திர வரைபடக் குறிப்பேடுகள் அடித்தட்டில், கம்பளிச் சட்டைகளுக்குக் கீழே இருந்தன. நான்கும். மறந்துவிட்டுப் போயிருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன், உடனே அனுப்பலாம் என்று காகிதத்தில் சுற்றியும் வைத்துவிட்டேன். பிறகு, மறந்தவன் துணிக்குக் கீழே மடித்து வைப்பானா என்று தோன்றியது. கடைசிக் குறிப்பேட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள். முதல் குறிப்பேட்டின் கோடுகளைப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாக யாரால் வரைய முடியும்? உன் தாத்தாவின் கை உனக்கு. அதை அக்காவிடமும் பக்கத்து வீட்டிலும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அனுப்ப வேண்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்று எழுது. இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்.

தேர்வு முடிவுகள் வந்துவிட்டதாக உன்னோடு படிக்கும் பையனின் அம்மா சொன்னார். நீ சொல்லும்போது தெரிந்துகொள்கிறேன் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அப்படி ஒருவர் சொல்லி நான் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்காக நீ "ஏதாவது ஒன்று போதும்" என்று உன் தேவையைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இது மதிப்பெண்ணுக்குத் தருகிற பரிசு இல்லை. படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் வேண்டும், வாங்குகிறோம், அவ்வளவுதான்.

துறைக்குத் துறை என்னென்ன தேவை என்று கல்லூரி ஒரு பட்டியல் தருமாம், பழுது பார்க்கும் பையன் சொன்னான். அந்தப் பட்டியலை வாங்கி எனக்கு அனுப்பு. எந்தத் துறையுடையதாக இருந்தாலும் சரி. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் முதல் நாள் கத்துவார், மூன்றாம் நாள் அவரே விலை விசாரிக்கப் போவார், உனக்குத் தெரியாததா?

இந்த வாரத்துக்குள் எழுது. "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டால் நான் நேரில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: சாதாரண உத்தரவாதத்தில், கீழே போட்டு உடைத்தால் ஒன்றும் கிடைக்காது; அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் கையில் இதுவரை எத்தனை செல்பேசி உடைந்தது என்று நீயே எண்ணிச் சொல்.