ஆணையரிடம் போவதற்கு முன் ஒரு நோட்டீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலையிடத்து விபத்துச் செய்திகள் பலவும் "இழப்பீடு கேட்டு நீதிமன்றத்தை நாடப்போவதாக உறவினர்கள் கூறினர்" என்று முடிகின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. எங்கே போக வேண்டும், போவதற்கு முன் என்னென்ன கையில் இருக்க வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? என் கணவர் பவர் பிரஸ்ஸில், அதாவது தகட்டை அழுத்தி வெட்டும் மெஷினில், வலது கையின் இரண்டு விரல்களை இழந்தவர். அவருக்காகக் காகிதங்களைச் சேர்த்து, மனுப் போட்டு, உத்தரவு வரும்வரை அலைந்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

இந்த இழப்பீட்டுக்குப் போக வேண்டிய இடம் சிவில் கோர்ட் இல்லை. எங்கள் மனு நடந்தபோது இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் அதை முடிவு செய்தவர் ஆணையர். எங்கள் மனுவை விசாரித்தவர் தொழிலாளர் துணை ஆணையர். அவசரப்பட்டு சிவில் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டுவிட்டால், அதே காயத்துக்கு அப்புறம் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்கு வழியே வேறு, அவர்கள் ஈ.எஸ்.ஐ. மூலமாகத்தான் பெற வேண்டும். என் கணவர் வேலை செய்தது பத்துப் பேர்கூட இல்லாத பட்டறை. ஈ.எஸ்.ஐ. கிடையாது, முழுப் பொறுப்பும் முதலாளிக்குத்தான்.

மனு எழுதுவதற்கு வெகு முன்னால், ஆஸ்பத்திரி வாசலிலேயே காரியம் ஆரம்பித்துவிடுகிறது. அன்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்த மேஸ்திரி, "வீட்டில் கதவு இடுக்கில் கை மாட்டியது என்று சொல்லிவிடுங்கள், போலீஸ் கேஸ் ஆனால் தொந்தரவு" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. டூட்டி டாக்டரிடம் எந்த மெஷின், எந்தப் பட்டறை, எத்தனை மணி என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்தேன். ஏ.ஆர். காப்பி என்கிறார்களே, அந்த ஒரு தாள்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிய அதே முதலாளி, விசாரணையில் "என் பட்டறையில் விபத்தே நடக்கவில்லை" என்று எதிருரை கொடுத்தார்.

அடுத்தது நோட்டீஸ். விபத்து நடந்த பிறகு முடிந்தவரை சீக்கிரம் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. வக்கீல் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். காயப்பட்டவரின் பெயர், முகவரி, விபத்து நடந்த தேதி, காயத்துக்குக் காரணம், இவ்வளவு போதும். காரணத்தைச் சாதாரண மொழியில் சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. "பிரஸ்ஸில் ஷீட் வைக்கும்போது மெஷின் இறங்கி இரண்டு விரல் துண்டானது" என்று நானே எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதலாளிக்கு வேறு வழியில் விபத்து தெரிந்திருந்தால், நோட்டீஸ் இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளக்கூடாது என்ற பாதுகாப்பும் உண்டு. ஆனால் எனக்குத் தெரியவே தெரியாது என்று சாதிப்பவரிடம் அதை நிரூபிக்கும் பாடு நம் தலையில் விழும். கையெழுத்தோடு திரும்பி வந்த அட்டை இருந்தால் அந்தப் பேச்சே எழாது. நோட்டீஸ் கிடைத்த மூன்று நாளுக்குள் முதலாளி தன் செலவில் டாக்டரிடம் காட்டக் கூப்பிட்டால் மறுக்காமல் போக வேண்டும். மறுத்தால், போய்க் காட்டும்வரை இழப்பீட்டு உரிமை நின்றுபோகும்.

காயப்பட்ட தொழிலாளி மனுப் போடுவதற்கு முன், இரண்டு தரப்பும் பேசித் தீர்க்க முடியாத பிரச்சினை ஒன்று இருக்க வேண்டும் என்றும் சட்டம் எதிர்பார்க்கிறது. ஆகவே பேச்சுவார்த்தைக்குப் போவதில் தப்பில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து. எங்களுக்கு 40,000 ரூபாய் தருவதாகச் சொல்லி ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத் தாளை நீட்டினார்கள். நான் கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஒரு கையில் இரண்டு விரல் போனால், சட்டத்தின் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு. அவர் மாதச் சம்பளம் 15,000 ரூபாய், அதில் சட்டம் கணக்கில் எடுப்பது 60 சதவீதம், அதாவது 9,000. அவருடைய 35 வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கு எண் 197.06. பெருக்கினால் 17,73,540, அதில் 20 சதவீதம் 3,54,708 ரூபாய். வைத்தியச் செலவுக்குக் கொடுத்ததை இதில் கழிக்கவும் கூடாது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்தச் சட்டத்தில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி வேறு இருந்தது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. சமரசம் செய்தால்கூட அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாது என்று பட்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஆணையர் உத்தரவில் எங்களுக்கு அந்த 3,54,708 ரூபாயும் வட்டியும் கிடைத்தன.

"பார்த்துக்கொள்கிறோம், பொறுங்கள்" என்ற வார்த்தையை நம்பி நாளைக் கடத்துகிறவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள், இறப்பாக இருந்தால் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், மனு போய்ச் சேர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்க வழி உண்டு, ஆனால் அது அதிகாரியின் முடிவு. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. நோட்டீஸும் இரண்டு ஆண்டுக் கெடுவும் அதிலும் இருக்கின்றன.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய விபத்துச் செய்தியின் அடியில் நோட்டீஸ், ஏ.ஆர். காப்பி, இரண்டு ஆண்டுக் கெடு ஆகிய மூன்றையும் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். தொழிலாளர் துறையும் இதையே ஒரு தாளில் அச்சடித்து, அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் காயத்தோடு வருகிறவர்களின் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பிரஸ் தொழிலாளியின் மனைவி