குமரிக் கரையில் ஓர் இரவு

அன்பு நண்பருக்கு,

வணக்கம். நலம், தங்கள் நலமறிய ஆவல். மகள் குடும்பத்தோடு பங்குனியில் கன்னியாகுமரிக்கு வரவிருப்பதாகவும், ஓர் இரவு தங்கினால் போதும் என்று மருமகன் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வந்து போகிறார்கள் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இவ்வூரில் தங்கும் காலத்தை நிர்ணயிப்பது சூரியன். பிற்பகலில் வந்து இறங்குகிறார்கள். மாலையில் அஸ்தமனம் பார்க்கிறார்கள். விடியுமுன் விடுதிப் பையன் கதவைத் தட்டியதும் போர்வையும் கையுமாக மொட்டை மாடிக்கு ஏறி உதயம் பார்த்துவிட்டு, எட்டு மணிப் படகுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பாறையும் சிலையும் பகவதி அம்மன் கோயிலும் முடிந்தால், மதியத்துக்குள் அறை காலியாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் வரும் ஐயப்ப பக்தர்களோ பலரும் சில மணி நேரத்தில் வேனேறிவிடுகிறார்கள்.

2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. கடல் உள்வாங்கினால் சிலைக்குப் படகு விடாமல் நிறுத்தியதால் ஏமாந்து திரும்பியவர்கள் பலர். அந்தக் குறை தீர்ந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அது பயணியின் பொழுதில் ஒரு மணி நேரத்தைக் கூட்டுமே தவிர, ஓர் இரவைக் கூட்டாது.

ஓர் இரவு விருந்தினரால் ஊருக்கு என்ன நன்மை என்று யோசித்துப் பாருங்கள். சிறிய விடுதிக்காரருக்குத் தினமும் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் சலவைக்குப் போக வேண்டும். அறையைக் கழுவித் துடைக்க வேண்டும். மாலையில் புதிய ஆளையும் தேட வேண்டும். அதே ஆள் மூன்று இரவு இருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். ஆட்டோக்காரருக்கும் சவாரி கிடைக்கும். சங்கும் சிப்பி மாலையும் விற்கிறவரிடம் நிதானமாகப் பார்த்து வாங்கவும் நேரம் இருக்கும்.

திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தைப் பாருங்கள். அங்கும் கடல்தான், மணல்தான். ஆயினும் ஆயுர்வேதச் சிகிச்சைக்கென்று பதினான்கு நாள், இருபத்தொரு நாள் தங்குகிற வெளிநாட்டவர்கள் உண்டு. எண்ணெய்த் தேய்ப்பும் பத்தியமும் பாதியில் விட்டுப் போகக்கூடியவை அல்ல. ஆகவே பயணி தானாகவே தங்குகிறார். குமரியில் அப்படிக் கட்டிப்போடும் ஒன்றை நாம் இன்னும் அமைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

நம் மாவட்டத்தில் அதற்குச் சரக்கில்லாமல் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைப்பாட்டுக்கே அரை நாள் வேண்டும். திங்கட்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை. 115 அடி உயரமுள்ள மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, வட்டக்கோட்டை, சுசீந்திரத்தின் இசைத்தூண்கள் எல்லாம் உள்ளன. இவற்றைக் கடற்கரையோடு இணைத்து மூன்று நாள் பயணமாகச் சொல்லித்தர ஆளில்லாததால், வருகிறவர்கள் ஒரு முனையை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள்.

ஆகவே மருமகனிடம் சொல்லி, மூன்று இரவுக்கு அறை எடுக்கச் செய்யுங்கள். வரும் தேதியையும் ரயிலையும் முன்னதாக எழுதினால், வாடகை நியாயமான விடுதியொன்றில் நானே பேசி வைக்கிறேன்.

தங்கள் அன்புள்ள நண்பன்,
நாகர்கோவில்