பரிந்துரை கேட்டு வந்த கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி போனில் சொன்னாள். இனி நீ படிக்கலாம் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இந்திய மொழி எழுத்தாளர்களுக்குக் கொடுக்கும் ஞானபீட விருதுக்குப் பரிந்துரை கேட்டு எங்கள் துறைக்குக் கடிதம் வந்திருக்கிறது. பல்கலைக்கழகங்கள், இலக்கிய அமைப்புகள், விமர்சகர்கள் என்று பலரிடமும் கேட்பார்கள். அந்தந்த மொழிக்கான ஆலோசனைக் குழு பார்த்த பிறகு தேர்வுக் குழுவுக்குப் போகும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரிக் கடிதம் வருகைப் பதிவேட்டுக்கு அடியில் மூன்று வாரம் கிடந்தது. கடைசி நாள், டீ வருவதற்குள், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரை எழுதி அனுப்பிவிட்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன். இன்னும் உறுத்துகிறது.

1965இல் மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப்புக்கு முதல் விருது கிடைத்தது ஒரு நூலுக்காக. 1975இல் அகிலனுக்கும் அப்படித்தான், ‘சித்திரப்பாவை’க்கு. எண்பதுகளில் விதியை மாற்றி, எழுத்தாளரின் மொத்தப் பங்களிப்பையும் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜெயகாந்தனுக்கு 2002ஆம் ஆண்டின் விருது வந்தது இந்த முறையில். அதில் தவறில்லை. ஆனால் ஒரு நூலைச் சொல்ல வேண்டும் என்றால் துறையில் ஒருவராவது அதைப் படித்திருக்க வேண்டும். பெயரைச் சொல்ல அது தேவைப்படுவதில்லை. அதிலும் ஒரு மொழி விருது வாங்கிவிட்டால் அடுத்த இரண்டு ஆண்டுக்கு அந்த மொழியைப் பரிசீலிக்க மாட்டார்கள். இருக்கிற வாய்ப்பை யோசிக்காமல் செலவழிக்க மனசு வரவில்லை.

போன வாரம் நூலகத்தில், நான் மனதில் வைத்திருக்கும் எழுத்தாளரின் நாவல் ஒன்றைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்குமே, அதில் ஒரே ஒரு முத்திரை, ஒன்பது வருடத்துக்கு முந்தையது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நகத்தால் பிரித்துப் பிரித்து இரவு இரண்டு மணி வரை படித்தேன். இதைப் பாடம் நடத்தும் நாங்களே தொடாமல் வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய நான்கு புத்தகங்களை உனக்குப் பார்சல் போட்டிருக்கிறேன். கண்ணைச் சிரமப்படுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் படி. மாதக் கடைசிக்குள் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுது. துறைக் கூட்டத்தில் அப்படியே வாசிக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்