முதலிடம் விலைக்குக் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குரோம்பேட்டையில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வரி, தணிக்கைப் பணிகளைச் செய்துவரும் பட்டயக் கணக்காளன் நான். தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் சிறிய அலுவலகம் நடத்தும் ஆடிட்டர்கள், வழக்கறிஞர்கள், கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கும் பொறியாளர்கள் ஆகியோருக்குச் சில காலமாக ஒரே பாணியில் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. 'உங்கள் ஏரியாவில் யார் தேடினாலும் கூகுளில் உங்கள் பெயரே முதலில் வரும், மாதம் 8,000 ரூபாய்தான்' என்பதே பேச்சின் சாரம். கடந்த மாதம் எனக்கு மட்டும் நான்கு அழைப்புகள் வந்தன. என் தொழில் நண்பர்கள் சிலர் பணமும் கட்டிவிட்டதால் இதை எழுத வேண்டியதாயிற்று.

ஒருவர் தம் கைபேசியில் 'பக்கத்தில் ஆடிட்டர்' என்று தேடும்போது வரைபடத்தோடு சேர்ந்து வரும் பெயர்களின் வரிசை, தேடிய சொல்லுக்கு அந்த அலுவலகம் எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது, ஊரில் அது எந்த அளவுக்கு அறியப்பட்டது என்ற மூன்றையும் கொண்டு அமைகிறது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கொடுத்தோ கேட்டுக்கொண்டோ இந்த வரிசையில் மேலே போக முடியாது என்பதும் அங்கேயே இருக்கிறது; 'விளம்பரம்' என்ற குறிப்புடன் தனியாகத் தெரியும் இடங்கள் வேறு கணக்கு. ரயில் பாதைக்குக் கிழக்கே ராதா நகரில் நின்று தேடுபவருக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கு மேற்கே நின்று தேடுபவருக்கும் வரிசை மாறி வரக்கூடும் என்னும்போது, எல்லாருக்கும் பொதுவான முதலிடம் என்று ஒன்றை எப்படி விற்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. என் அலுவலகத்துக்கு வந்த முகவர் ஒருவர் தம் கைபேசியில் தேடி, என் பெயர் முதலில் வருவதைக் காட்டினார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து தேடினால் வேறு யார் பெயர் வரும்?

உண்மையில் நாங்கள் செய்யத் தவறுவது இதைவிட எளிய வேலை. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்தை வேறு தெருவுக்கு மாற்றினேன். வருமான வரித் துறைக்கும் வங்கிக்கும் எழுதித் தெரிவித்த நான், வரைபடத்தில் இருந்த புள்ளியை மாற்ற மறந்துவிட்டேன். ஜூலை மாதத்து வெயிலில் ஓய்வூதியக் கணக்கோடு வந்த பெரியவர் ஒருவர் பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடிவரை ஏறி, இப்போது அங்கே நடக்கும் டியூஷன் வகுப்பில் என்னைத் தேடியிருக்கிறார். அன்று மாலையே உட்கார்ந்து முகவரி, அலுவலக நேரம், தொலைபேசி எண், தொழிலின் வகை ஆகிய அனைத்தையும் திருத்தினேன். மொத்தம் ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. என்னென்ன பணி செய்கிறேன் என்பதைத் தமிழிலும் எழுதிச் சேர்த்தேன். கைபேசியிடம் தமிழில் பேசித் தேடுகிற கடைக்காரர்களுக்கு 'ஜி.எஸ்.டி. கணக்கு' என்று எழுதியிருப்பது, ஆங்கிலத்தில் நீட்டி முழக்கிய பத்தியைவிடப் பயன்படும் என்பது என் கருத்து.

எங்களால் மட்டும் தீர்க்க முடியாத குழப்பம் ஒன்றும் உண்டு. தோல் தொழிற்சாலை ஒன்றால் பெயர் பெற்ற எங்கள் ஊரையே ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூட்டியும் குறைத்தும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். கதவு எண்ணில் பழையது, புதியது என்று இரண்டு. பல நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபின்னும், பழைய நகராட்சியின் பெயரைத் தாங்கிய தெருப்பலகைகளைக் காண முடிகிறது. ஒரே அலுவலகத்தின் முகவரி ஓர் இடத்தில் ஒரு விதமாகவும் இன்னோர் இடத்தில் வேறு விதமாகவும் பதிவாகியிருந்தால், அவை இரண்டு அலுவலகங்களா ஒன்றா என்று இயந்திரமும் தடுமாறும், தபால்காரரும் தடுமாறுவார். தெருப்பெயர்களை இரு மொழிகளிலும் ஒரே எழுத்துமுறையில் எழுதிப் பலகை வைக்க மாநகராட்சி முன்வந்தால் பேருதவியாக இருக்கும்.

முகவர்கள் சொல்லும் குறுக்கு வழிகள் மூன்று. அலுவலகப் பெயரோடு 'குரோம்பேட்டையின் சிறந்த ஆடிட்டர்' என்று ஒட்டிக்கொள்வது, ஆளே இல்லாத முகவரிகளைப் பல்லாவரத்திலும் சேலையூரிலும் காட்டுவது, காசுக்கு ஐந்து நட்சத்திர மதிப்புரைகளை வாங்குவது. மூன்றும் கூகுளின் விதிகளுக்கு முரணானவை. கண்டறியப்பட்டால் பதிவே முடக்கப்படலாம். இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் தனித் தரமே வெளியிட்டிருக்கிறது. எங்களைப் போன்றோருக்கு ஆபத்து இன்னும் பெரிது. வாடிக்கையாளரை வலிந்து அழைப்பதும் தொழில்திறனை விளம்பரப்படுத்துவதும், எங்கள் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வகுத்த வரம்புக்குள் அமைந்தாலன்றி, 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். வழக்கறிஞர்களுக்கான இந்திய பார் கவுன்சில் விதிகளில் 2008-இல் செய்யப்பட்ட திருத்தம் பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, வழக்காடும் துறை போன்ற விவரங்களை இணையதளத்தில் தர மட்டுமே இடமளிக்கிறது; இணையத்தில் விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்க வழிசெய்யுமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. முகவர் எழுதும் ஒரு வரிக்கு, மாதக் கட்டணம் வாங்கிய அவர் பதில் சொல்லப் போவதில்லை, கையெழுத்துப் போடும் நாங்கள்தான் ஒழுங்குக் குழுவின் முன் நிற்க வேண்டும். ஆகவே எங்கள் தொழில் அமைப்புகளின் உள்ளூர்க் கிளைகள், எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதைத் தமிழில் இரண்டு பக்கக் கையேடாக வெளியிட வேண்டுகிறேன்.

இக்கடிதத்தை வெளியிடும்போது என் பெயரையும் அலுவலக முகவரியையும் தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதையே ஒரு விளம்பரம் என்று எவரேனும் புகார் எழுதிவிட்டால் என்ன செய்வது?

இப்படிக்கு,
பட்டயக் கணக்காளர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை – 600 044