கோக்கா இல்லாத தோட்டா

கம்மவான்பேட்டை,
ஜூலை 13

அன்புள்ள தாமோதரா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. குன்னூரில் மழை விடவில்லை, போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாய். இங்கே ஆடி பிறக்கப் போகிறது, ஆனால் மத்தியானத்தில் மொட்டை மாடியில் இன்னும் கால் வைக்க முடியவில்லை. சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, நாலு தூறல் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைப் படித்ததும் உன் தங்கச்சி சுவாமி விளக்கேற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள். தாயையும் பிள்ளையையும் குளிரில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று நீ கடிதம் எழுதத் தொடங்கினாயே, அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உனக்குத் தெரியாது. பட்டாளத்து டேங்கில் கழிந்த வருஷங்கள் என் காதில் பாதியை வாங்கிக்கொண்டன. உன் எழுத்தைப் படிக்கும்போது மட்டும் உன் குரல் முழுசாகக் கேட்கிறது.

10ஆம் தேதி பேரனை வேலூருக்கு அழைத்துப் போனேன். மக்கான் பக்கத்தில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண் இருக்கிறதல்லவா, அங்கே மாலை போட்டார்கள். பையன் ஒன்பதாவது படிக்கிறான். "கொழுப்பு தடவின தோட்டாவைக் கடிக்கச் சொன்னதால்தானே தாத்தா இங்கே சண்டை வந்தது?" என்று கேட்டான். அது 1857, இது 1806 என்று சொல்லிக் கொடுத்தேன். இங்கே நடந்தது தலைப்பாகை விவகாரம். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்றார்கள். நம் ஆட்கள் பொறுக்கவில்லை. தோட்டா விவகாரம் அதற்கு 51 வருஷம் கழித்து என்ஃபீல்டு துப்பாக்கியோடு வந்தது.

அவன் விடவில்லை. தோட்டாவை எதற்குக் கடிக்க வேண்டும் என்றான். அந்தக் காலத்துத் தோட்டா ஒரு காகிதப் பொட்டலம், பல்லால் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டிக் குண்டை இடிக்க வேண்டும் என்றேன். "காகிதம் எரிஞ்சிடுமே. அதையே அப்படியே போட்டுச் சுட்டா என்ன? அப்புறம் எதுக்குப் பித்தளை வந்தது?" என்றான். எனக்கு உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது. சுடும்போது மருந்தோடு சேர்ந்து தானும் எரிந்துவிடுகிற உறை டேங்குக்குச் சரியாக வந்ததே, கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் ஏன் வரவில்லை என்று நீயும் அதைத்தானே கேட்டிருந்தாய்? கார்டைட் ஃபேக்டரியில் பஞ்சை வெடிமருந்தாக்கிய ஆள் நீ. மருந்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மருந்து சுடுகிறவன் கைக்கு வந்தபிறகு என்ன ஆகிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

எங்கள் பாஷையில் சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக்குக் கோக்கா என்று பேர். ரேஞ்சில் சுட்டு முடித்ததும் எத்தனை ரவுண்டு வாங்கினோமோ அத்தனை கோக்காவை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராஜஸ்தானில் ஒரு தடவை ஒரே ஒரு கோக்கா குறைந்தது. முப்பது பேர் இரவு பத்து மணி வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு மணலைச் சலித்தோம். கடைசியில் ஒருவனுடைய பூட்ஸுக்குள் கிடந்தது. அன்றைக்கு ராத்திரி ரொட்டி சாப்பிடும்போதுதான், கோக்காவே இல்லாத தோட்டா ஒன்று வராதா என்று முதன்முதலாக ஏங்கினேன். எண்ணுவதை விடு, சுமப்பதை யோசி. 7.62 தோட்டா ஒன்று ஏறக்குறைய 24 கிராம், அதில் பாதி பித்தளை. எதிரியிடம் போகிற குண்டைவிட, நம் காலடியில் விழுகிற பித்தளையின் கனம் அதிகம்.

ஆனால் அந்தப் பித்தளை என்ன வேலை செய்கிறது என்று என் கழுத்து சொல்லும். பக்கத்தில் படுத்துச் சுட்டவனின் கோக்கா தெறித்து என் காலருக்குள் விழுந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மருந்து எரிந்த சூட்டில் ஒரு பங்கைப் பித்தளை தன்னோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. சுட்ட நொடியில் அது விரிந்து, தோட்டா உட்காருகிற சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பின்பக்கமாக நம் முகத்துக்குப் புகை வராது. அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விட்டுக்கொடுத்துவிடும். வெடிக்காத தோட்டாவையும் அடி விளிம்பில் கொக்கி மாட்டி வெளியே இழுத்துவிடலாம். வெறும் மருந்துக் கட்டிக்குக் கொக்கி மாட்ட இடம் ஏது?

இதெல்லாம் இல்லாமல் செய்து பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் நிறைய. பிரஷ்யாக்காரர்கள் 1841இல் எடுத்துக்கொண்ட டிரெய்ஸ ஊசித் துப்பாக்கியில் தோட்டா காகிதம்தான். பொறி கொடுக்கிற கேப் குண்டின் அடியில் இருக்கும், நீளமான ஊசி மருந்தைத் துளைத்துப் போய் அதைக் குத்த வேண்டும். வேகமாகச் சுட்டது, 1866இல் ஆஸ்திரியாவை ஜெயிக்கவும் உதவியது. ஆனால் ஊசி மருந்தின் நடுவிலேயே வெந்து வெந்து ஒடியும், பின்னால் புகை கசியும். அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் 1848இல் குண்டின் அடியைக் குடைந்து அதற்குள்ளேயே மருந்தை அடைத்தார். அந்தக் குழியில் எவ்வளவு மருந்து பிடிக்கும்? அடி பலமில்லை. நம் வீட்டுப் பெண்கள் வளையலில் கோத்து வைத்துக்கொள்கிற ஊக்கைச் செய்தவரும் இவர்தான், அது அடுத்த வருஷம். பித்தளைத் தோட்டா வந்ததும் இவை எல்லாம் ஓரத்துக்குப் போயின. நூறு வருஷம் கழித்து 1968இல், ஏர்கன் செய்கிற டெய்சி கம்பெனி, அழுத்திய காற்றின் சூட்டிலேயே மருந்தைப் பற்றவைக்கும் ஒரு .22 ரைஃபிளை விற்றது. இது நிஜத் துப்பாக்கி என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, அவர்களிடம் அதற்கு லைசென்ஸ் இல்லை. அதோடு முடிந்தது.

நான் ரசித்துப் படித்தது ஜெர்மனியின் ஜி11 ரைஃபிளின் கதை. ஹெக்லர் அண்ட் கோக் துப்பாக்கியைச் செய்ய, டைனமிட் நோபல் தோட்டாவைச் செய்ய, இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தார்கள். தோட்டா சின்னச் சதுரக் கட்டி. மருந்தையே அச்சில் அழுத்திக் கட்டியாக்கி, அதற்குள் 4.73 மில்லிமீட்டர் குண்டைப் புதைத்துவிட்டார்கள். முழுத் தோட்டாவும் 5 கிராம் சொச்சம். நம் பட்டாளத்து இன்சாஸ் ரைஃபிளில் போடுகிற 5.56 தோட்டா 12 கிராம் வரும், யோசித்துப் பார். 45 தோட்டா ஒரே வரிசையாகக் குழலுக்கு மேல் படுத்திருக்கும். ஒவ்வொன்றாக மூக்குக் கீழே பார்க்க ஓர் உருளைக்குள் இறங்கும், உருளை கால் சுற்றுச் சுற்றிக் குழலுக்கு நேராக வந்து நிற்கும், சுடும். படத்தைப் பார்த்தால் சுவர்க் கடிகாரத்தைத் திறந்து பார்த்த மாதிரி இருக்கிறது.

வெளியே தள்ளக் கோக்கா இல்லாததால் அதற்கு ஒரு தனி பலம். மூன்று குண்டுகளை நிமிஷத்துக்கு இரண்டாயிரம் என்ற வேகத்தில் விடும். அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மூன்றும் போய்விடும், அதன் பிறகுதான் தோளில் உதை தெரியும். முதல் குண்டின் உதையில் துப்பாக்கி மேலே தூக்கி, அடுத்த இரண்டும் வானத்துக்குப் போவதை எத்தனை ரேஞ்சில் பார்த்திருக்கிறேன். இதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் சூடு வந்தது. முதலில் அவர்கள் போட்டது உன் பஞ்சு மருந்துதான், நைட்ரோசெல்லுலோஸ். அது 170 டிகிரி பக்கம் தானாகப் பற்றும் என்பது உனக்குத் தெரியும். தொடர்ந்து சுட்டால் சேம்பர் அந்தச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. எடுத்துப் போகப் பித்தளை இல்லை, நடுவில் தடுக்கவும் பித்தளை இல்லை. மருந்து நேராகச் சூட்டில் உட்காருகிறது. விசையைத் தொடாமலே தோட்டா வெடித்தது. 1970களின் கடைசியில் நடந்த நேட்டோ சோதனையிலிருந்து இதனாலேயே துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விட்டுவிடவில்லை என்பதுதான் என் மனசைத் தொட்டது. மருந்தையே மாற்றினார்கள். பீரங்கிக் குண்டுக்குள் அடைக்கிற எச்எம்எக்ஸ் என்ற வெடிபொருளை எடுத்து, பிசின் சேர்த்து அடக்கி, வெடிக்காமல் எரிகிற மருந்தாக்கினார்கள். தானாகப் பற்றும் சூடு நூறு டிகிரி போல உயர்ந்தது. வெடிக்கப் பிறந்ததை எரியப் பழக்கியிருக்கிறார்கள் தாமோதரா, அந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று உன்னைப் போல அளக்கக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எல்லாம் சரியாகி 1990இல் பட்டாளத்துக்கு வர வேண்டிய நேரம். அந்த வருஷம்தான் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகின. எதிரே நின்ற படை கலைந்தது, பணம் கிழக்கைத் தூக்கிவிடப் போனது, கூட்டணி நாடுகள் எல்லாம் 5.56 தோட்டாவில் இருந்தன. ஆயிரம் துப்பாக்கியோடு நின்றுவிட்டது. அமெரிக்கர்கள் 2004 வாக்கில் அதே மருந்தை வாங்கி இன்னொரு முயற்சி செய்தார்கள், பக்கத்திலேயே பிளாஸ்டிக் உறைத் தோட்டா ஒன்றும் செய்தார்கள், பிளாஸ்டிக்தான் முந்தியது. ஆஸ்திரியாவில் வோரே என்ற கம்பெனி பேட்டரியால் பற்றவைக்கும் வேட்டைத் துப்பாக்கி ஒன்று செய்தது. ஏகே துப்பாக்கிக்குக் கீழே மாட்டுகிற ரஷ்ய கிரனேட் லாஞ்சர் மட்டும் நன்றாக ஓடுகிறது. அதில் மருந்து கிரனேட்டின் அடியிலேயே இருக்கும், மொத்தமும் பறந்துவிடும். ஒவ்வொன்றாகக் கையால் போடுவதால் சூடு ஏறுவதில்லை. சூடுதான் சிக்கல் என்ற என் பேச்சுக்கு அதுவே சாட்சி.

இனி டேங்குக்கு வருகிறேன். எங்கள் டி-72 டேங்கில் குண்டு தனி, மருந்து உறை தனி. உறையின் அடியில் ஒரு சாண் கூட இல்லாத இரும்புக் கிண்ணம், மேலே முழுக்க எரியும் உறை. நம் அம்மாக்கள் பழைய பேப்பரை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து இடித்துக் கூடை செய்வார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. நைட்ரோ பஞ்சையும் சாதா நாரையும் தண்ணீரில் கூழாக்கி, சல்லடை அச்சில் உறிஞ்சி எடுத்து, பிசின் சேர்த்துச் சூட்டில் அழுத்துகிறார்கள். சுட்டால் உறை மருந்தோடு மருந்தாக எரிந்து குண்டைத் தள்ளும். மிஞ்சுவது அந்தக் கிண்ணம். பீரங்கியோடு சுழல்கிற மேல்கூண்டான டரட்டின் பின்னால் சின்ன மூடி திறக்கும், கிண்ணம் வெளியே பறக்கும். அந்தக் கிண்ணத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பது என் எண்ணம். புகையை அடைக்கிற வேலையை உலோகத்திடமே விட்டுவிட்டு, கனத்தை மட்டும் எரியவிட்டார்கள். ஜெர்மானியர்களும் 1979இல் வந்த லெப்பர்ட் 2 டேங்கின் 120 மில்லிமீட்டர் பீரங்கிக்கு இப்படித்தான் செய்தார்கள். அதற்கு முன்னால் அமெரிக்கர்கள் ஷெரிடன் டேங்கில் முழுசாக எரியும் உறையைப் போட்டுப் பார்த்தார்கள். வியட்நாம் ஈரத்தில் உறை அப்பளம் போல நமத்துப் போனது, சரியாக எரியாமல் கனல் துண்டு குழலிலேயே தங்கியது. அதன்மேல் அடுத்த மருந்தை வைத்தால் என்ன ஆகும்? குழலுக்குள் காற்றை ஊதித் துப்புரவு செய்ய ஒரு தனி ஏற்பாடே வைக்க வேண்டி வந்தது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். பீரங்கி சுடுகிற கன்னராக நான் உட்கார்ந்த இடத்துக்குக் கீழே, தரையில் வட்டமாக 22 குண்டும் 22 மருந்து உறையும் இருக்கும். சர்வீஸில் இருந்தபோது அந்த எரியும் உறையை நினைத்துப் பெருமைதான் பட்டேன். டரட்டுக்குள் காலிப் பித்தளை உருளாது, இடம் மிச்சம், கோக்கா எண்ண வேண்டாம். 1991 வளைகுடாப் போரில் டி-72களின் டரட் கழன்று போய்த் தனியாகக் கிடந்த படங்களைப் பார்த்தபோது கை நடுங்கியது. இப்போது உக்ரைனிலிருந்து வருகிற படங்களில் மறுபடியும் அதையே பார்க்கிறேன். கவசத்தைத் துளைத்து வருகிற ஒரு தணல் போதும், உறையே விறகாகிவிடுகிறது. அமெரிக்கர்களின் ஆப்ரம்ஸ் டேங்கிலும் எரியும் உறைதான். ஆனால் தோட்டாக்களில் பெரும்பகுதியைக் கனத்த கதவுக்குப் பின்னால் வைத்து, தீப்பிடித்தால் வெடிப்பு மேலே போகும்படி கூரையில் விட்டுக்கொடுக்கும் பலகை வைத்திருக்கிறார்கள். உறை செய்த காவலை யாராவது செய்தாக வேண்டும். தோட்டாவிலிருந்து அதை எடுத்தவர்கள் டேங்கில் அதைத் திருப்பி வைத்திருக்கிறார்கள், எங்கள் டேங்கில் வைக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து இன்றைக்கும் பிள்ளைகள் அந்த டேங்கில் உட்காருகிறார்கள். விடுமுறையில் வரும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நைட்ரோ பஞ்சு வெயிலில் இருக்க இருக்கக் கெட்டுப்போகும், அதைத் தடுக்க உள்ளே ஒரு ரசாயனம் சேர்ப்போம் என்று முன்பு சொன்னாய். மே மாதம் ராஜஸ்தானில் டேங்கின் இரும்பு தொட முடியாமல் கொதிக்கும். அந்தச் சூட்டில் வருஷக்கணக்காகக் கிடக்கிற உறை இன்னும் நல்லதுதான் என்று எப்படிச் சோதித்துப் பார்ப்பீர்கள்? எத்தனை டிகிரியில், எத்தனை நேரம் வைப்பீர்கள்? விவரமாக எழுது. பேரன் கேட்டால் சொல்ல வேண்டும், எனக்கும் தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை குன்னூர் வழியாக வெலிங்டன் போகிறான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இரண்டு கிலோ கொடுத்து அனுப்புகிறேன். வந்த அன்றைக்கே எண்ணெய்க் குழம்பு வைத்துவிடச் சொல், வைத்திருந்தால் வாடிவிடும். பிள்ளை பெற்றவளுக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள்.

உன்,
மணி